சேகர் ஊற்றிய ஆயில்

காலையில் இட்லிக்குப் பொடி குழைத்துக்கொண்டிருந்தபோது சேகரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "மச்சான், பொண்ணு ஒரு வண்டி எடுத்துகினு வந்துட்டாடா. நம்ம பழைய வண்டிங்க மாதிரியே ஒட்டகம் கணக்கா ஒசரமா கீது. அடுத்த வருசம் இமயமலைக்குப் போறாளாம். இன்னா ஆயில் ஊத்தறதுன்னு கேக்குறா. நீ இன்னா சொல்றியோ அதையே ஊத்திடறேன்."

சந்தோஷமான செய்திதான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபின் எனக்கு இட்லி இறங்கவில்லை. எழுந்து போய், செருப்பு ஸ்டாண்டின் அடித்தட்டைக் குடைந்து, ஒரு பழைய கிரீஸ் டப்பாவைத் தேடி எடுத்தேன். மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்த அந்த வாசனை வந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "இன்னும் அத தூக்கிப் போடலையா?" என்றாள். அதைத் தூக்கிப் போட எனக்கு அருகதை இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அந்த நேரம்வரை யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் 'பனிச்சிகரம் பாய்ஸ்' என்று ஒரு பைக் கூட்டம் இருந்தது. பாய்ஸ் என்று பெயரே தவிர சராசரி வயது நாற்பத்திரண்டு. நான்கு பேர் பையில் மூட்டுவலித் தைலம் நிரந்தரமாக இருந்தது. எல்லோரிடமும் மலை ஏறும், ஆறு கடக்கும் அட்வெஞ்சர் பைக். அதுவரை நாங்கள் ஏறிய மலை குரோம்பேட்டை பச்சைமலை. ஆறு எதையும் கடக்கவில்லை. மழை எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக வண்டிகளைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் ஓரங்கட்டிவிட்டு வருவோம். பின்னால் பூட்டியிருந்த அலுமினியப் பெட்டிகளில் பெரும்பாலும் தாம்பரம் மார்க்கெட் கத்தரிக்காய்தான் பயணம் செய்தது. தெருவுக்கு ஒரு பெட்ரோல் பங்க் இருக்கும் ஊரில், அவசரத்துக்கு என்று பத்து லிட்டர் கேனையும் கட்டிக்கொண்டு திரிந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடம்பாக்கம் ஏரிக்கரை டீக்கடையில் கூடுவோம். ஊர்வலம் போவதைவிட உட்கார்ந்து பேசுவதுதான் அதிகம். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஆயிலில்தான் வந்து முடியும். உங்களுக்கு இந்த வழக்கு பழக்கமில்லை என்றால் இவ்வளவு தெரிந்தால் போதும். என்ஜின் ஆயில் டப்பாவில் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால், சூடேறிய பிறகும் ஆயில் கொஞ்சம் கெட்டியாக நிற்கும். எங்கள் கூட்டத்தில் பத்து-நாற்பது ஒரு கட்சி, பதினைந்து-ஐம்பது ஒரு கட்சி. தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. எந்த ஆயில் ஊற்றினாய் என்று கேட்காமல் டீயைக் கையில் வாங்கியதில்லை.

பதினைந்து-ஐம்பது கட்சிக்கு நான் தலைவர். தகுதி, ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் தாடிக்காரர் ஒருவர் நின்று பேசிய காணொளியை மூன்று முறை பார்த்திருந்தேன். பத்து-நாற்பது கட்சியில் இருந்தது சேகர் ஒருவன்தான். மாடம்பாக்கத்தின் பழைய குடும்பங்களில் ஒன்று அவனுடையது. அவன் அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் அவன் ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். வண்டியோடு கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்தை எங்கள் கூட்டத்தில் படித்த ஒரே ஆள் அவன். மற்றவர்கள் அதை வண்டி இன்சூரன்ஸ் தாள் கசங்காமல் இருப்பதற்காக வைத்திருந்தோம்.

"புக்குல போட்டுகீதுடா" என்பான்.

"புக்கு எழுதினவன் குளிர்ற ஊர்ல உக்காந்து எழுதினான். அவனை மே மாசம் மதியம் கேம்ப் ரோட்டுக்கு வரச் சொல்லு."

"அவனும் கேம்ப் ரோட்டுக்கு வரமாட்டான், நீயும் பாலைவனத்துக்குப் போவமாட்ட. டீ ஆறிப்போவுது, குடி."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அடுத்த ஞாயிறுவரை மனசில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஆயில் சண்டைக்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அலுவலகத்தில் யாரும் என்னோடு எதற்கும் சண்டை போடுவதில்லை. நான் சொல்வதை யாராவது மறுக்க வேண்டுமானால் முதலில் கேட்டிருக்க வேண்டுமே.

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் தனம் அக்கா, ஐஸ் பெட்டியைக் கட்டிய பழைய மொபெட்டில் அந்தப் பக்கமாகத்தான் போவார். உப்புக்காற்று, கடல் மணல், மீன் தண்ணீர் எல்லாம் தினமும் குடிக்கிற வண்டி. ஒருநாள் வழிமறித்து, என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று ஆராய்ச்சியாளன்போல் கேட்டேன். "ஆயிலா? மெக்கானிக்கு இன்னாத்தயோ ஊத்துவான். ஓடிகினு கீதே, அப்பறம் இன்னா சார்? வவ்வாலு கீது, வேணுமா?" என்றார். வவ்வால் மீனை வாங்கிக்கொண்டேன். கருத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

ஆயில் தவிர எனக்கு இன்னொரு பதவியும் இருந்தது. ஏர் ஃபில்டர் நிபுணர். நானே எடுத்துக்கொண்ட பதவி. ஸ்பாஞ்ச் ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து, பிசுபிசுப்பான எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, பெட்டிக்குள் உட்கார வைக்குமுன் விளிம்பு முழுக்க கிரீஸ் தடவ வேண்டும். விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் புழுதி அந்த வழியாக உள்ளே போய், உப்புத்தாள் போட்டதுபோல் என்ஜினைத் தேய்த்துவிடும். இதைப் பற்றி நான் முக்கால் மணி நேரம் பேசுவேன். தடவுவதற்கு ஐந்து நிமிஷம் ஆகும்.

அந்த வருஷம் சேகர் நிஜமாகவே இமயமலைக்குக் கிளம்பத் தயாரானான். எங்கள் கூட்டத்தில் பேச்சோடு நிற்காமல் தேதி குறித்த முதல் ஆள். அவன் கடையைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான் பூட்டுவான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகவிருந்த தம்பி, போவதற்குமுன் ஒரு மாதம் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். "இத வுட்டா இனிமே இல்லடா" என்று சேகர் எல்லோரிடமும் சொன்னான். அவன் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வண்டிப் பெட்டியில் ஒட்டுவதற்கு ஒரு பனிமலை வரைந்து கொடுத்தாள்.

கிளம்ப ஒரு மாதம் இருந்தபோது அவன் வண்டி ஃபில்டரை நான்தான் மாட்டினேன். அஸ்தினாபுரத்தில், எங்கள் மெக்கானிக் தாஸ் அண்ணன் கடை வாசலில். சேகர் பக்கத்தில் நின்று பத்து-நாற்பது டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். நான் ஒரு கையில் ஃபில்டரும் மறு கையில் கிரீஸுமாக, பாலைவனத் தாடிக்காரரை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தேன். வாதம் உச்சத்துக்குப் போனது. தாஸ் அண்ணன், "இன்னா சார், இந்த ஆயிலுக்கு இவ்ளோ பேஜாரா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் பேசிக்கொண்டே ஃபில்டரை உள்ளே தள்ளி மூடியைத் திருகினேன். அதன் பிறகு மூன்று ஞாயிறு, வண்டலூருக்கு அந்தப்பக்கம் கல்குவாரிப் பாதையில் ஒத்திகை ஓட்டம். புழுதியில் முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியவில்லை.

நான்காவது வாரம் சேகர் வண்டி நீலப் புகை விட்டது. மேடு ஏறத் திணறியது. தாஸ் அண்ணன் பார்த்துவிட்டு, "உள்ள தேஞ்சு போயிட்ச்சு சார். என்ஜின எறக்கணும்" என்றார். சேகர் தெருமுனைக்குப் போய்த் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். தாஸ் அண்ணன் ஸ்பானர் எடுக்க உள்ளே போனார். சும்மா நிற்கிறோமே என்று ஃபில்டர் பெட்டியை நான் கழற்றினேன்.

விளிம்பு ஒரு ஓரத்தில் உள்பக்கமாக மடங்கியிருந்தது. கிரீஸ் துளிகூட இல்லை. புழுதி உள்ளே வரவே கூடாத பக்கத்தில், முகப் பவுடர் மாதிரி செம்மண் படிந்திருந்தது.

என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துத் துடைத்தேன். ஃபில்டரை மண்ணெண்ணெய் வாளியில் போட்டேன். யோசித்துச் செய்ததாகக்கூட நினைவில்லை. கை செய்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் வாட்ஸ்அப்பில் தீர்ப்பு வந்துவிட்டது. தண்ணி மாதிரி ஆயில் ஊற்றினால் இப்படித்தான் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அப்போதே சொன்னேனே என்று நான் எழுதவில்லை. நீதான் அப்போதே சொன்னாய் என்று என் பெயருக்குக் கட்டைவிரல் படங்கள் வந்து விழுந்தன, எதையும் நான் மறுக்கவுமில்லை. என்ஜின் சாமான் வந்துசேர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் தம்பி சிங்கப்பூர் போய்விட்டான். மலைப்பாதையைப் பனி மூடியது. சேகர் வண்டியைச் சரிசெய்து விற்றுவிட்டான். பனிமலைப் படத்தை மட்டும் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டான்.

வண்டியை விற்ற அடுத்த ஞாயிறு டீக்கடைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டான். "நீ சொன்ன, நான் கேக்கல. ஆயில்தான்டா தப்பு. நான்தான் புக்கு புக்குன்னுகினு இருந்தேன்."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து அவன் எதற்கும் வாதாடவில்லை. டயரில் எவ்வளவு காற்று, எந்தக் கடையில் பரோட்டா, எதைக் கேட்டாலும், "நீங்க சொன்னா சரிதான்பா" என்பான். ஆயில் சண்டையில் எதிர்க்கட்சியே இல்லை. நான் ஆஸ்திரேலியாவை ஆரம்பித்தால் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறே மாதத்தில் கூட்டம் கலைந்தது. வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது, காலை வணக்கமும் காலிமனை விளம்பரமும் வருகின்றன. டீக்கடை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வந்துவிட்டது. சேகர் வீடு எனக்கு மூன்று கிலோமீட்டர்தான். ஏதாவது கல்யாணத்தில் பார்த்தால் உண்டு.

அந்த மனிதன்தான் இன்று, நீ சொல்வதையே ஊற்றுகிறேன் என்கிறான். என் பொய் அவனோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அது அவன் மகள் வண்டிவரை வந்து நிற்கிறது. அதோடு புழுதி எந்த வழியாகப் போகும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரப்போவதில்லை.

இட்லியைத் தள்ளிவைத்துவிட்டு எழுதினேன். நான்கு முறை அழித்து எழுதியதில் மிஞ்சியது இவ்வளவுதான். "சேகரு, அன்னிக்கு உன் ஆயில் தப்பில்ல. ஃபில்டர நான் சரியா உட்கார வெக்கல. விளிம்பு மடங்கி மண்ணு உள்ள போயிருந்துது. பாத்தேன். தொடச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. மன்னிச்சுடு."

படித்துவிட்டதாக நீலக் குறி உடனே விழுந்தது. பதில் வரவில்லை. அலுவலகம் போனேன், வந்தேன். பகல் முழுக்க போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாயங்காலம் வந்தது, இரண்டு வரி.

"அப்ப நான் ஊத்துனது கரெக்ட் ஆயிலு."

ஒரு நிமிஷம் கழித்து அடுத்தது.

"பொண்ணு வண்டிய நானே பாத்துக்கறேன்."

பழைய சேகர்தான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்துக் கேட்டதில் கண் கலங்கிவிட்டது. "பத்து-நாற்பதுதான் சரி" என்று எழுதி அனுப்பினேன், வாழ்க்கையில் முதன்முறையாக. அதற்கு நீலக் குறி விழவில்லை. இதை எழுதும்வரை விழவில்லை.

கிரீஸ் டப்பாவை மூடி, செருப்பு ஸ்டாண்டிலேயே திரும்ப வைத்தேன். இப்போது நான் ஓட்டுவது பேட்டரி ஸ்கூட்டர். அதில் ஊற்ற ஆயிலும் கிடையாது, மாட்ட ஃபில்டரும் கிடையாது. அதைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.