அக்கா மகள் கல்யாணத்தில் நான் போட்ட தாளம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். இரண்டு ஸ்பீக்கர், ஒரு பழைய லெப்டொப், மினுங்கும் நீல விளக்கு ஒன்று, இவ்வளவும் இருந்தால் டீஜே ஆகிவிடலாம் என்று நம்பியவன். கண்ணாடி முன் நின்று, ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்துத் தலையாட்டிப் பழகினேன். பாட்டுப் போடப் பழகியது அதற்குப் பிறகுதான்.

முதல் நிகழ்ச்சி, தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுடைய மகளின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கண்டியிலிருந்து பேண்ட் கூப்பிடச் சொன்னார்கள். அக்கா விடவில்லை. "என் தம்பி இருக்கான், பாத்துக்குவான்" என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டாள். மகள் போய் வாழப்போகும் வீடு; அங்கே அக்காவின் சொல் நிற்க வேண்டும். "டேய், என் மானத்தக் காப்பாத்திரு" என்று என்னிடம் மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் தலையாட்டினேன். அதுதான் பழகியிருந்ததே.

கோயிலில் தாலி கட்டிவிட்டு, மாத்தளை டவுனில் எடுத்த மண்டபத்துக்கு வரும்போது எல்லோரும் அசர வேண்டும் என்று எனக்கொரு யோசனை. முன்பொருநாள் ஏதோவொரு தோட்டப் பாதையில் போகையில், தூரத்தில் தப்பு மேளம் அடிக்கும் சத்தத்தைப் போனில் பிடித்து வைத்திருந்தேன். டவுனில் வளர்ந்த எனக்கு எந்த அடியானாலும் மேளம் மேளம்தான். அதற்கு பேஸ் ஏற்றி, பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் கால் வைத்ததும் விட்டேன்.

சுவர் அதிர்ந்தது. தோட்டத்துச் சனம் அப்படியே உறைந்து நின்றது. ஒரு பெரியவர் என்னருகே வந்தார்.

"தம்பி, யாரு செத்தது?"

"என்னங்க?"

"பொணம் தூக்குறப்ப அடிக்கிற அடிப்பா இது. நிப்பாட்டு!"

பதறிப்போய் வேறெதையோ அமுக்கினேன். அந்த அடி முதலிலிருந்து, இன்னும் சத்தமாகத் தொடங்கியது. கடைசியில் வயரையே பிடுங்கினேன். அந்த அமைதியில், சம்பந்தியம்மா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் வெளியே நடந்தார். பின்னாலேயே அக்கா ஓடினாள். மணப்பெண் என்னையே பார்த்தபடி வாசலில் நின்றாள்.

ஜன்னலால் பார்த்தேன். அக்கா கை கூப்பிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா திரும்பி வர அரை மணி நேரமானது. தேங்காய் உடைத்து, மறுபடி ஆரத்தி எடுத்தார்கள். அதன்பிறகு நான் போட்ட எந்தப் பாட்டுக்கும் யாரும் எழவில்லை. பந்தியில் அப்பளம் நொறுங்கியதுதான் எனக்குக் கிடைத்த கைதட்டல்.

எல்லாம் முடிந்து, ஸ்பீக்கர்களைத் த்ரீவீலரில் ஏற்றிவிட்டு அக்காவிடம் போனேன். மிஞ்சிய வாழையிலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியாமப் போச்சுக்கா. மறுவீட்டு விருந்துக்கு நல்ல பாட்டாப் பாத்துப் போடுறேன்."

அவள் நிமிரவில்லை.

"நீ சாப்பிட மட்டும் வா."