சிவப்புக் கோடு

"நோட்ஸ் வாசிக்கத் தெரியாதவங்க பின் வாங்கில போய் இருங்க."

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலில் எங்கள் பாடகர் குழுவுக்குப் புதிதாக வந்த இயக்குநர் சொன்னது. தவக்காலத்தின் முதல் ஒத்திகை. கை நிறைய ஐந்து கோட்டு இசைத்தாள்கள்.

என் தாளை எட்டிப் பறித்தார். பெரிய வெள்ளிப் புலம்பல். இருபது வருடமாக முன் வாங்கில், முதல் வரிசைப் பெஞ்சில், இருந்து நான் பாடுவது. ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சில் கீறல். குரல் ஏறினால் மேல்நோக்கி, இறங்கினால் கீழ்நோக்கி, இழுத்தால் ஒரு வால்.

"இது என்ன அன்ரி, ஈசிஜி ரிப்போட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த வத்தளைக்காரியும். அன்றுதான் குழுவில் சேர்ந்தவள், நோட்ஸ் தெரியாதவள், பயத்தில் சிரித்தாள்.

வெள்ளவத்தை வரை பஸ்ஸில் நின்றபடி கொதித்தேன். வீட்டில் தேடித் தேடி வாசித்தேன். ஆயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன் ஐரோப்பியத் துறவிகள் லத்தீன் செபத்தின் மேல் கீறி வைத்ததும் இதே கீறல்தான். கோடே கிடையாது. மெட்டு நெஞ்சில் இருந்தவனுக்கு அது நினைவூட்டியது, அவ்வளவுதான். அவர்களிடம் போய்க் கேளுமையா, ஈசிஜியா என்று!

வென்றுவிட்ட வேகத்தில் என் தாளைப் பார்த்துப் பாடினேன். மூன்றாம் சரணம், வருடக்கணக்காக நாங்கள் பாடாமல் விட்டது. ஒரு கீறல் மேலே போகிறது. எவ்வளவு மேலே? தெரியவில்லை. என் கீறல், எனக்கே ஊமை. கோபம் என் மேலும் பாய்ந்தது.

துறவிகளும் இங்கேதான் முட்டியிருக்கிறார்கள். அதனால்தான் யாரோ தோல் ஏட்டில் ஒரு கோடு கீறினார், ஒரு சுரத்துக்கு நிலையான இடமாக. பிறகு சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பிறகு நான்கு, ஐந்து. மெட்டைக் கேட்டேயிராதவனும் பாடலாம் என்றானது. வெளியே நிற்பவனை உள்ளே கூப்பிட்ட கோடு அது. அதை எடுத்து வேலி அடைக்கிறார் இந்த மனிதர்!

சிவப்புப் பேனையால் முதல் சரணத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கீறல்களைக் கோட்டிலிருந்து எத்தனை படி என்று அளந்து திரும்பப் போட்டேன்.

அடுத்த ஒத்திகையில் முன் வாங்கிலேயே இருந்துகொண்டு, தாளைப் பக்கத்தில் இருந்த வத்தளைக்காரியிடம் நீட்டினேன். "கோட்டில இருக்கிறது நான் தொடங்குற சத்தம். அதுக்கு மேல ஒவ்வொரு படியா ஏறுங்க பிள்ளை."

முதல் சத்தத்தை நான் பிடித்துக் கொடுக்க, கேட்டிராத புலம்பலை அவள் மெல்லப் பாடினாள். ஒரு இடத்தில் தடுக்கி, திரும்பப் பிடித்தாள்.

இயக்குநர் அவள் பக்கம் திரும்பினார். "நோட்ஸ் படிச்சிட்டீங்களா?"

"இல்ல சேர், ஈசிஜி வாசிச்சனான்" என்றாள்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. பின் வாங்குக்குப் போக நாங்கள் எழும்பவும் இல்லை. மூன்றாம் சரணம் அவருடைய தாளில் இருக்கிறது. சொல்லித் தரட்டும், படிக்கிறேன். முன் வாங்கில் இருந்தே.