நலங்கு வைக்கப் போன கை: கம்மாபுரத்திலிருந்து நெய்வேலிக்கு எட்டு நடை

என் பெரிய பேரன் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகிவிட்டான். சின்னவன் பத்தாவதில் கணக்குக்குத் தொண்ணூற்றேழு. பேத்தி கலைச்செல்வி நர்சிங் முடித்தாள், தையில் கல்யாணமும் முடிந்தது. ஐந்தாவது படித்த எனக்கு இந்த இணையப் பக்கத்தைத் தொடங்கித் தந்தவளும் அவள்தான்.

அவளுக்கு இரண்டு கையாலும் நலங்கு வைக்க வேண்டும் என்றுதான் மார்கழியில் நெய்வேலிக்குப் போனேன். மார்பில் கேன்சர் ஆபரேஷன் ஆனபிறகு இடது கை வீங்கி ரவிக்கை ஏறவில்லை. வீட்டுக்காரர் சட்டைதான் உடுப்பு. ஊரில் சுளுக்கு எடுக்கிறவளிடம் சுடு எண்ணெய் போட்டு வீக்கத்தைக் கீழே இறக்கச் சொன்னது என் தப்பு. விரலும் உப்பிக்கொண்டது.

"தேய்ச்சா பரவும். இந்தக் கோலத்துல மேடைக்கு வராதீங்க" என்றார் மருமகளின் அம்மா. வராமல்? டாக்டரைக் கேட்டேன். முறையாக மசாஜ் செய்தால் கேன்சர் பரவாது என்று ஒரு பிசியோதெரபிஸ்டின் முகவரியை எழுதித் தந்தார்.

காலை 8.10க்கு டவுன் பஸ். பெண்கள் நமக்கு டிக்கெட் இல்லை, இலவசம். பக்கத்தில் இருந்தவள், "கையில இன்னா ஆயா?" என்றாள்.

"கேன்சர் ஆபரேஷன் பண்ணதும்மா."

சேலையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தாள்.

"ஒட்டாது, உக்காரு. ஒட்டறதா இருந்தா நாப்பத்தஞ்சு வருசமா கூடவே கெடக்கற எங்க வூட்டுக்காரருக்கு மொதல்ல ஒட்டியிருக்கும்!"

கண்டக்டரும் சிரித்தார். அவளும்.

9.05க்கு இறங்கி ஆட்டோ. நாலு கிலோமீட்டர், நூறு ரூபாய். டவுன்ஷிப்பில் எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரி. பிளாக்கோடு வீட்டு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண். கழுத்தில் தொடங்கினார். எண்ணெயும் இல்லை, அழுத்தமும் இல்லை. குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி. எனக்குக் கோபம்.

"இன்னாம்மா தடவிக்கினே இருக்கற? நல்லா அழுத்திக் கீழ எறக்கு."

"எறக்குனா வெரல்லதான் தேங்குங்க. நீர் மேல போனாத்தான் வடியும்."

முக்கால் மணி நேரம். டேப் வைத்து அளந்தார். அன்றைக்கு அரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது. கையைச் சுற்றித் துணி கட்டி அனுப்பினார். எட்டாம் நடை முடிந்த மறுநாள் ரவிக்கை ஏறியது. மேடையில் பேத்தியின் இரண்டு கன்னத்திலும் முதல் சந்தனம் நான்தான் பூசினேன். மருமகளின் அம்மாதான் கிண்ணத்தைப் பிடித்திருந்தார்.

போகிறவர்கள் முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். கை சிவந்து காய்ச்சல் இருந்தால் மசாஜ் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. இது நோயைத் தீர்க்காது, வீக்கத்தைக் குறைக்கும். பஸ்ஸில் யாராவது நகர்ந்தால் நன்றாகக் காலை நீட்டி உட்காருங்கள்.

கலைச்செல்வி, இந்தப் பக்கத்திலிருக்கிற பழைய போட்டோவை எடுத்துவிட்டு நலங்குப் போட்டோவைப் போடு. இடது கை இன்னும் கொஞ்சம் பருமன்தான். வெட்டாமல் போடு.