கரும்புச் சோகையில் குட்டி போட்ட பூனை

எழுத்து ஒன்று மேலேறியும் ஒன்று கீழிறங்கியும் இருக்கும்... பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதக் கற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து இந்த குரூப்பில் போடுகிறேன். நானே எழுதியது என்பதில் அவ்வளவு சந்தோஷம்.

வெட்டிய கரும்பின் இனிப்பு வாசனை, பனியில் நனைந்த சோகை, அதாவது கரும்பு இலையின் வாசனை...

பல வருஷத்துக்கு முன் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய், நானும் என் மனைவி அஞ்சலையும் வயலோரம் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தோம். படுக்கப் பரப்பிய காய்ந்த சோகையில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டது.

வயிறு நிறைந்த குட்டி கத்தாது. வயிறு உருண்டையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கும். முதல் நாள் அப்படித்தான் இருந்தன.

மறுநாள் ஓயாமல் கத்தின. காம்பில் வாய் வைப்பதும் தலையை உதறுவதுமாக இருந்தன. வயிறு ஒட்டிப்போயிற்று. கடைக்குட்டிக்குக் கத்தவும் தெம்பில்லை, தொட்டால் சில்லென்றிருந்தது.

தாய்க்குப் பால் வற்றிவிட்டது என்று நினைத்துப் பசும்பால் வாங்கக் கிளம்பினேன். அப்போது பக்கத்துக் கொட்டகைக் குப்பம்மாள் வந்தாள். பூனையை முகர்ந்து பார்த்தவள், அப்படியே உட்கார்ந்து சிரித்தாள்.

“ஏண்டி அஞ்சல, எம் புள்ளைக்குப் பால மறக்கடிக்க இன்னாத்த தடவனேன்? நீதான எண்ண குட்த்த?”

சோகை கிழித்துப் பூனையின் வயிற்றில் கீறல். புண் ஆறட்டும் என்று அஞ்சலை காலையில் வேப்பெண்ணெய் தடவியிருந்தாள், காம்பையும் சேர்த்து.

“புண்ணுக்குத்தாங்கா போட்டேன்” என்றாள். சொல்லிக்கொண்டே வெந்நீர் வைக்க எழுந்தாள்.

வெந்நீரில் துணி நனைத்துக் கசப்புப் போகும்வரை துடைத்தோம். சில்லிட்ட குட்டியை உடனே பாலுக்கு விடவில்லை. உடம்பில் சூடில்லாத குட்டியால் சப்ப முடியாது. என் வேட்டி மடிப்பில் வைத்துச் சூடேற்றிவிட்டு, காம்பை மெல்ல அழுத்தி ஒரு சொட்டை அதன் வாயில் தடவினோம்.

நாக்கு அசைந்தது... பிறகு முன்னங்காலால் தாய் வயிற்றை அமுக்கி அமுக்கிக் குடித்தது. மூன்றும் பிழைத்தன.

இப்போது கள்ளக்குறிச்சியில் மகள் வீட்டுப் பூனை குட்டி போட்டால், குட்டிக்கென்றே பால்பவுடர், சின்ன பாட்டில் எல்லாம் கடையில் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனாலும் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது.

இதை அஞ்சலைக்குப் படித்துக் காட்டினேன்.

“பொழுதுக்கும் பூனைய மடியில புடிச்சிக்கினு பொறாண்டல் வாங்கனது நானு. அத்த வுட்டுட்டு, எண்ண தடவனத மட்டும் எழுதிக்கினு கீறியே” என்கிறாள்.

நியாயம்தான். ஆனால் இன்றைக்கு இதற்குமேல் விரல் வளையவில்லை. அவள் பட்ட பாட்டை அடுத்த வாரம் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாளாம்.