போல்ட்டைச் சுத்துன கை

பேய், பிசாசுன்னு எவனாச்சும் ஆரம்பிச்சா நான் எந்திரிச்சுப் போயிருவேன். கொடைக்கானல் ஏரிக்கரையில கல்யாண ஜோடிகளைப் போட்டோ எடுத்துப் பொழைக்கிறவன் நான். பனிமூட்டத்தைப் படம் பிடிச்சுட்டு, அதுல உருவம் தெரியுதுன்னு கடைக்கு வந்து நிக்கிற கிறுக்கனுங்க எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு. நீங்களும் நம்ப வேணாம், கேட்டுக்கிட்டா போதும்.

ரெண்டாயிரத்து மூணோ நாலோ, தை அமாவாசை. அன்னைக்குப் போய் வெளியே போகாதீங்கன்னு வீட்டுல ஒரே புலம்பல். நிலா இல்லாதப்பத்தானே நட்சத்திரம் படத்துல விழும், அதுகூடத் தெரியலை.

மதுரையில வானம் பார்க்கிற சங்கம் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு பலகையைக் கீல் போட்டுச் சேர்த்து, போல்ட் மாட்டி, மேல கேமராவை வச்சு நானே ஒரு கருவி செஞ்சு அங்க கொண்டு போனேன். போல்ட்டைச் சீராச் சுத்துனா பலகை வானத்தோட நகரும், நட்சத்திரம் புள்ளியா விழும். இல்லைன்னா கோடாகிப் போகும். அந்த மேதாவிங்க, இதென்ன அருவாமனையான்னு கேட்டுச் சிரிச்சானுங்க. அடுத்த கூட்டத்துக்குக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை இதே பலகையில எடுத்துக் காட்டலைன்னா நான் கேமராவையே தொட மாட்டேன்னுட்டு வந்துட்டேன்.

பூம்பாறையில பூண்டு வயல் வரப்புல கருவியை வச்சேன். துணைக்கு என் மச்சினன், அவனை மாதிரி சோம்பேறி மலையிலேயே கிடையாது. வெளிச்சம் பட்டா படம் கெட்டுரும், அதனால டார்ச் அடிக்கக் கூடாது. நான் ரேடியம் வாட்சைப் பார்த்துப் பதினஞ்சு செகண்டுக்கு ஒரு 'ம்' சொல்லணும், அவன் கீழ குத்தவச்சுக் கால்வாசிச் சுத்து சுத்தணும், போல்ட் கிறீச்சுங்கும். முதல் படத்துல பாதி 'ம்'முக்கு அந்தத் தடியன் சுத்தவே இல்லை. வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டுனேன்.

ரெண்டாவது படத்துக்கு அம்சமாச் சுத்துனான். அஞ்சு நிமிஷம், இருபது 'ம்', இருபது கிறீச், ஒண்ணுகூடப் பிசகலை. இப்பத்தான் மாடு வழிக்கு வருதுன்னு நக்கலாச் சொன்னேன். லென்ஸ் மூடியைப் போட்டு டார்ச் அடிச்சா, கீழ ஆளே இல்லை.

ரோட்டுல நின்ன ஜீப்புக்குப் போனேன். கதவை உள்ளே பூட்டிக்கிட்டுக் குறட்டை விடுறான், மூச்சுக்காத்துப் பட்டுக் கண்ணாடியெல்லாம் மங்கிக் கெடக்கு. தட்டி எழுப்புனேன்.

"முதப் படம் முடிஞ்சதுமே வந்துட்டேன் மாமா. அந்தத் திட்டு திட்டுனா எவன் அங்க நிப்பான்?"

பிலிம் ரோலைக் கழுவிப் பார்த்தா, நம்புனா நம்புங்க, முதல் படம் புழு நெளிஞ்ச மாதிரி இருக்கு, ரெண்டாவதுல கார்த்திகை ஊசி குத்துன மாதிரி நிக்குது. சங்கத்து மேதாவிங்க வாயை மூடிக்கிட்டானுங்க. என் மச்சினன் வெக்கமே இல்லாம, நான்தான் சுத்துனேன்னு பீத்திக்கிட்டுத் திரியுறான். நான் மறுத்துப் பேசலை. வேற யாருன்னு சொல்றது?

ஒண்ணு மட்டும் யார்கிட்டயும் சொன்னதில்லை. மூடி போட்ட பிறகு நான் வாயே திறக்கலை. ஆனாலும் டார்ச்சைத் தேடுறதுக்குள்ள இன்னொரு கிறீச் கேட்டுச்சு.

லைட்டை அணைச்ச பிறகுதான் என் வீட்டுக்காரி ஊர்க்கதை பேசுவா. ஒரு 'ம்' கூடக் கொட்ட மாட்டேங்கிறீங்களேன்னு தினமும் சண்டை. கோவிச்சாக் கோவிச்சுக்கட்டும். இருட்டுல நான் 'ம்' சொல்றதில்லை.