மணல் அடித்த சுவர்

காலை ஆறேகாலுக்கு ஸ்ரீரங்கத்தில் வீட்டைப் பூட்டும்போதே மனசு சரியில்லை. முந்தின நாள் செல்வராசு போன் செய்திருந்தார். "டீச்சர், செவுத்த மறைச்சிக்கிட்டுக் கெடந்த தேர் மரத்தையெல்லாம் எடுத்தாச்சு. செவுரும் பளிச்சுனு ஆயிடுச்சு. நாளைக்கே வாங்க, தோதா படிக்கலாம்." ஆயிரம் வருஷத்துக் கல் எப்படிங்க பளிச்சென்று ஆகும்? கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

செல்வராசு முசிறிக்கு வடக்கே ஒரு சிற்றூரில் வாழை போடுகிறவர். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். அவரை யாரும் கைகாட்டிப் பேசுவதற்கு நான் காரணமாக இருக்க வேண்டாம். அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று உண்டு. பங்குனித் திருவிழாவில் தெருவுக்கு ஒரு நாள் மண்டகப்படி. அன்றைக்கு அந்தத் தெருக்காரர்கள்தான் சாமிக்கு எல்லாம் செய்வார்கள், முதல் மாலையும் அவர்களுக்குத்தான். செல்வராசுவின் தெருவுக்கு மட்டும் நாள் கிடையாது. கேட்டால், "ஆடு மேச்ச ஆளுங்களுக்குக் கோயில்ல என்ன பாத்தியதை? எழுத்து இருந்தாக் காட்டு" என்று பெரிய தெருவில் சொல்லிவிடுவார்கள்.

எழுத்து இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கல்வெட்டு படிப்பது என் பைத்தியம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோயிலின் வடக்குச் சுவரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். விளக்கு அணையாமல் எரிய யாரோ தொண்ணூறு ஆடு விட்டிருக்கிறார்கள். அந்த ஆடுகளை வாங்கிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக நெய் அளக்க இந்த ஊர் இடையர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த மாதிரி ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகளில் எழுதுவார்கள். கிழடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், கணக்கு குறையாது. அந்த இடையரின் பேரும், அவர் வம்சத்துக்குக் கோயிலில் என்ன மரியாதை என்பதும் வரவேண்டிய இடத்தில் வரி மேற்குச் சுவருக்குத் திரும்பிவிட்டது. அங்கே தேர் மரங்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன.

"நாலு பேரக் கூப்பிட்டு நகத்தச் சொல்லட்டா டீச்சர்?" என்று அன்றைக்கே கேட்டார் செல்வராசு. எனக்கு முட்டி வலி, பொழுது வேறு சாய்ந்துகொண்டிருந்தது. "கல்லு எங்க ஓடிடப் போகுது? அடுத்த மாசம் வரேன்" என்றேன். அந்த அடுத்த மாசம் இப்போதுதான் வருகிறது. நடுவில் முட்டி ஆபரேஷன், மகளின் பிரசவம், அப்புறம் என் சோம்பேறித்தனம். வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க வேண்டும் எனக்கு.

ஏழு மணிக்கு நம்பர் ஒன் டோல்கேட்டில் முசிறி பஸ். முப்பது ரூபாய் டிக்கெட். குணசீலம் தாண்டியதும் இடது பக்கம் காவிரி. பாதி மணல், பாதி நாணல், நடுவில் கொஞ்சம் தண்ணீர். எட்டேகாலுக்கு முசிறி. அங்கே டவுன் பஸ் பிடித்தால் பதினோரு கிலோமீட்டர், பெண்களுக்குக் காசில்லை. கல்வெட்டைப் படியெடுக்கத் தாளும் பிரஷும் கையில் இருந்ததைப் பார்த்துக் கண்டக்டர் விசாரித்தார்.

"பெயிண்ட் வேலையாம்மா?"

"இல்லைங்க. கோயில் கல்வெட்டு பாக்கப் போறேன்."

"நம்ம சிவன் கோயிலா? சூப்பராப் பண்ணிட்டாங்கம்மா. அடுத்த மாசம் கும்பாபிஷேகம். புதுக் கோயிலாட்டம் இருக்கு, போய்ப் பாருங்க."



ஒன்பது மணி. சின்னக் கோயில்தான்: சதுரக் கருவறை, அதற்கு முன்னால் இருபது பேர் நிற்கும் அர்த்தமண்டபம், கூரை வரைக்கும் கல், அதற்கு மேல் செங்கல் விமானம். விமானத்துக்கு நீலமும் ரோஸும் அடித்திருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், பெயிண்ட் உரிந்துவிடும். தரைக்குச் சலவைக்கல் போட்டு, சுவருக்கு அடியில் உருண்டையாக ஓடும் குமுதக் கல்லைப் பாதி புதைத்துவிட்டார்கள். கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த யாளித் தலைகளுக்கு மூக்கும் பல்லும் காணோம். தெற்கே தட்சிணாமூர்த்தியின் முகம் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. அடப்பாவிகளா!

செல்வராசு சிரித்த முகமாக வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. "வாங்க டீச்சர். காப்பி அப்புறம் குடிக்கலாம், மொதல்ல படிச்சிருங்க" என்று மேற்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். தேர் மரம் ஒன்றுகூட இல்லை. சுவரும் அடியோடு வெள்ளையாக நின்றது. தடவிப் பார்த்தேன். வடக்குச் சுவருக்கு ஓடிப்போய்த் தடவினேன். ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை.

"என்ன டீச்சர் எழுதியிருக்கு?"

"ஒண்ணுமே இல்லைங்க."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்துவிட்டது. "செதுக்கிட்டானுங்க. பெரிய தெருக்காரனுங்க வேலைதான் டீச்சர் இது! எங்களுக்கு எழுத்து கெடைச்சிரும்னு பயந்துட்டானுங்க. இருங்க, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துர்றேன்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

சும்மா விட்டிருந்தால் அன்றைக்கு ஊரில் தலைகள் உடைந்திருக்கும். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "யாரும் செதுக்கலைங்க. மெஷின் வச்சுக் காத்தோட மணலப் பீச்சி அடிச்சாங்கல்ல? கல்லோட தோல் உரிஞ்சிருச்சு. எழுத்து அந்தத் தோல்லதான் இருந்துச்சு. மெஷினை யாரு கொண்டாந்தது?"

 அவர் அப்படியே மடைப்பள்ளிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தான் டீச்சர்" என்றார். "திருப்பணில எங்க தெரு பங்கா இந்த வேலையக் கேட்டு வாங்குனேன். பாசி, எண்ணெப் பிசுக்கு... நீங்க வந்தா எழுத்து தெரியணுமே. அந்த மூலையில ரெண்டு தடவ அடிக்கச் சொன்னேன்."

இரண்டு தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. தப்பு என்னுடையது என்றேன், கல் எங்கேயும் ஓடாது என்று சொன்னவள் நான்தானே என்றேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வடக்குச் சுவரைப் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். அதில் ஆடு இருக்கிறது, நெய் இருக்கிறது, பேர் இல்லை. "பேரும் இருந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்களேன்" என்று மெதுவாகக் கேட்டார். நான் படிக்காததை எப்படி எழுதுவேன்? முடியாது என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

பதினொன்றரைக்குத் திரும்பும் பஸ். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷத்தில் பெரிய கோயில். மதில் மதிலாக எழுத்து, எல்லாம் படித்து அச்சிலும் ஏறியாயிற்று. அதில் ஒரு வரி போனாலும் இன்றைக்கு யாருக்கும் ஒரு மாலை குறையாது. இங்கே ஒரு தெருவுக்கு இருந்தது ஒரே ஒரு சுவர். அதைப் படிக்க வருவதற்கு நான் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன்.

செல்வராசு பஸ் வரைக்கும் வந்தார். ஒரு சீப்பு பூவன் பழத்தை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடிச்ச மண்ண இன்னும் வெளிய கொட்டல டீச்சர். செவுத்தோரமாக் குமிச்சுதான் வச்சிருக்கோம். அதச் சலிச்சுப் பாத்தா ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். பஸ் கிளம்பியது. திரும்பிப் பார்த்தபோது அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. கோயிலைப் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தார்.