செல்வத்துக்கு நான் போட்ட மாலை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் தாங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம். ரங்கூனுக்கு வந்து ஏழு வருடமாகியும் ஒரு பூமாலை எந்த ஊரில் எதைச் சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் படத்துக்கு மாலை விழுந்தால் சின்னப் பிள்ளைக்கும் விஷயம் புரியும். இங்கே மாலையைப் புத்தருக்குச் சாத்துகிறார்கள், பட்டம் வாங்கிய பெண்ணுக்குப் போடுகிறார்கள், டாக்ஸிக்காரர் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொள்கிறார். தினமும் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

காளியம்மாள் அக்கா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாக்காரர். துறைமுகக் கூலிகளாக வந்தவர்களின் வம்சம். தினமும் படகேறி இக்கரைக்கு வந்து தோசை சுட்டு விற்பார். அதைத் தின்று உயிர் வளர்த்த கடைச் சிப்பந்திகளில் நானும் ஒருவன். அவருடைய ஒரே மகன் செல்வம், பர்மியப் பெயரில் பட்டாளத்தில் சேர்ந்து கரென் மலைப் பக்கச் சண்டைக்குப் போனான். அவன் இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது, உடல் வரவில்லை. அக்கா காரியம் செய்யவில்லை. சுவரில் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்த அவன் படத்துக்கு மாலையும் போடவில்லை. மூன்று வருடம் கழித்து, முழங்கால் வீங்கி அடுப்பு முன்னால் உட்கார முடியாமல் போனபோதுதான் பென்ஷனுக்கு எழுதச் சம்மதித்தார். "அவன் வர்ற வரைக்கும் அவன் சம்பளமா நெனச்சு வாங்கிக்கிறேன் தம்பி." கல்யாணமாகாத மகன் என்பதால் உரிமை தாய்க்குத்தான்.

இங்கிலீஷில் மனு எழுத நான் முன்வந்தேன். ஊரில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்தவன் அல்லவா! அவற்றில் பெரும்பாலானவை திரும்பி வந்ததை அக்காவிடம் சொல்லவில்லை. கோப்புக்கு ஒரு படம் கேட்டார்கள். அக்கா சுவரிலிருந்து இறக்கித் தந்ததை ஸ்டூடியோவில் பிரதி எடுக்கும்போது என் மூளை வேலை செய்தது: இறந்தவன் படம் இறந்தவன் படமாக இருக்க வேண்டாமா? கம்ப்யூட்டரில் சாமந்தி மாலை ஒன்று போடச் சொல்லி, அக்காவிடம் காட்டாமல் உறையில் வைத்து ஒட்டிவிட்டேன்.

அக்காவை அழைத்துக்கொண்டு போன பென்ஷன் அலுவலகத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த குமாஸ்தா படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். "உங்க ஆளுங்க கல்யாணத்துக்குப் போயிருக்கேன். மாப்பிள்ளைக்கு இப்படித்தான் மாலை. சாப்பாடு பிரமாதம்!" பிறகு மனுவைப் படித்தார், முகம் சுருங்கியது. என்னைப் பார்த்து, "பெண்டாட்டி எங்கே?" என்றார்.

என் அரைகுறை பர்மிய அறிவுக்குக் அந்தக் கல்யாணப் பேச்சு அப்போது எட்டவில்லை; பின்னால் அக்கா சொல்லித்தான் தெரியும். மனிதர் என் குடும்பத்தை அன்பாக விசாரிக்கிறார் என்று நினைத்து, பல்லெல்லாம் தெரிய, "இந்தியாவில். சௌக்கியம்" என்றேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார். "அப்ப அந்தப் பொண்ணு வந்து கையெழுத்துப் போடணும். அம்மாவுக்குக் கிடையாது."

அக்கா மேஜைமேல் கிடந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாலை யாரு போட்டது?" என்று தமிழில் கேட்டார். பிறகு குமாஸ்தாவிடம் திரும்பி, 'சயா' என்று மரியாதையாக அழைத்துப் பர்மிய மொழியில் நிதானமாகச் சொன்னார்.

"என் மகனுக்குப் பெண்டாட்டி இல்லை சயா. இந்தக் கிறுக்கன் சொன்னது தன் பெண்டாட்டியை. உயிரோட இருக்கிறவன் படத்துக்கு நாங்க மாலை போடமாட்டோம்."

"அப்படின்னா?" பேனா காத்திருந்தது.

"செத்துட்டான்."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். குமாஸ்தா எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். எழுதியதை அடித்தார். பெருவிரல் ரேகை வாங்கி, மனுவை ஏற்று முத்திரை குத்தினார்.

அக்காவை வீட்டில் விட டாலா படகில் நானும் ஏறினேன். பெருவிரல் மையைச் சேலைத் தலைப்பில் தேய்த்தபடி அவர் ஆற்றைப் பார்த்திருந்தார். எனக்கு ஊரில் என் வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது. அங்கே நானும் மாலையில்லாத ஒரு படம்தான். பள்ளிக்கூடம் போகும்போது என் மகள் அதனிடம் சொல்லிக்கொண்டு போகிறாளாம். அங்கே பேசப்படுகிறவன் ஒருவன், இங்கே உளறுகிறவன் ஒருவன். இரண்டாமவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அக்கா, வாயால சொல்லியாச்சு. இனி வீட்டுலயும் காரியத்தைச் செஞ்சு முடிச்சிரலாமா? பூசாரிகிட்ட நான் பேசுறேன்."

"ஆபீசுக்குத்தான் சொன்னேன்."